மாணவர் நிரலாளர் குழுக்கள்: வகுப்பறைக்கு வெளியே ஒரு பயிற்சிக்களம்

1963ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1960இல், அன்றைய பம்பாயிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தன் விஞ்ஞானிகளைக் கொண்டே டிஃப்ராக் என்ற கணிப்பொறியை உருவாக்கி முடித்திருந்தது. அந்நாளில் நிரல் எழுதக் கற்க விழைந்த மாணவருக்கு முதல் தடையாக நின்றது இயந்திர நேரம். நிரலைத் தாளில் எழுத வேண்டும். அதைத் துளை அட்டைகளில் பதிக்க வேண்டும். தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறிப்போனால் மீண்டும் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

இன்று அத்தடை பெரிதும் அகன்றுவிட்டது. மாணவர் கையிலுள்ள கைபேசியின் கணிப்பு வேகம் அந்த இயந்திரங்களைவிடப் பல லட்சம் மடங்கு மிகுதியானது. பாடங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆயினும் நிரலாக்கத்தில் தேர்ச்சி பெறுவோர் எண்ணிக்கை, அதைப் பயில்வோர் எண்ணிக்கைக்கு ஈடாக உயரவில்லை என்ற குறைபாடு தொழில் துறையிலிருந்தும் கல்வித் துறையிலிருந்தும் தொடர்ந்து கேட்கிறது. இதற்குக் காரணம், பற்றாக்குறை ஒழியாமல் இடம் மாறியிருப்பதுதான். முன்னர் அரிதாக இருந்தது இயந்திரத்தின் நேரம். இப்போது அரிதாக இருப்பது, மாணவர் எழுதிய நிரலைப் படித்து, பிழை எங்கே, அது ஏன் நேர்ந்தது என்று எடுத்துரைக்கக்கூடிய அனுபவமுள்ளவரின் நேரம்.

இந்த நேரத்தை மாணவர்கள் தங்களுக்குள்ளேயே திரட்டிக் கொள்ளும் ஏற்பாடே மாணவர் நிரலாளர் குழு. கல்லூரிக் கணிப்பொறிக் கழகங்கள், நிரலாக்கப் போட்டிகளுக்குப் பயிலும் அணிகள், திறந்த மூல மென்பொருள் திட்டங்களில் பங்களிப்போர் கூட்டங்கள் ஆகிய மூன்றும் இதன் வடிவங்கள். இக்குழுக்கள் என்ன கற்பிக்கின்றன, யாரைச் சேர்த்துக் கொள்கின்றன, யாரை வெளியே நிறுத்துகின்றன, பொதுத் துறை இதில் என்ன செய்ய இயலும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வகுப்பறை தருவதும் தராததும்

பல்கலைக்கழகப் பாடத்திட்டம் நிரலாக்க மொழியின் இலக்கணத்தை முறையாகக் கற்றுத் தருகிறது. ஒரு பருவத்தில் பத்து அல்லது பன்னிரண்டு பயிற்சிகள் இடம் பெறும். அவற்றுள் பெரும்பாலானவை ஐம்பது, அறுபது வரிகளைத் தாண்டுவதில்லை. விடை சரியாக வந்ததும் மாணவர் அதைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறுவார். செய்முறைத் தேர்வில் அவற்றுள் ஒன்றை மறுபடி எழுதிக் காட்டுவார். அந்த நிரலை வேறு எவரும் பயன்படுத்துவதில்லை. எழுதியவரும் தேர்வுக்குப் பின் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

இதற்கு ஆசிரியரைக் குறை கூறுவது பொருந்தாது. ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். ஒரு வகுப்பில் 60 மாணவர்கள். பருவத்துக்கு 10 பயிற்சிகள். ஒவ்வொரு நிரலையும் கருத்தூன்றிப் படித்துக் குறிப்பெழுத 10 நிமிடங்கள் எனக் கொள்வோம். மொத்தம் 6,000 நிமிடங்கள், அதாவது 100 மணி நேரம் ஆகிறது. 15 வாரங்கள் கொண்ட பருவத்தில் இது வாரத்துக்கு ஏறத்தாழ 7 மணி நேரம். ஒரு பாடத்தின் ஒரு வகுப்புக்கு மட்டுமே இவ்வளவு. மூன்று பாடங்களைக் கையாளும் ஆசிரியருக்கு இது இயலாத காரியம். எனவே விடை வந்ததா என்று பார்ப்பதோடு மதிப்பீடு நின்று விடுகிறது.

பணியில் சேரும் இளைஞர் சந்திக்கும் உலகம் வேறு. அங்கே பிறர் எழுதிய லட்சக்கணக்கான வரிகளுக்கு நடுவே பத்து வரிகளை மாற்ற வேண்டியிருக்கும். அந்த மாற்றம் ஏற்கெனவே இயங்கி வரும் எதையும் கெடுத்து விடலாகாது. பிறர் நிரலைப் படித்தல், தன் நிரலைப் பிறர் படிக்க விடுதல், திருத்தங்களை ஏற்றல் ஆகிய பழக்கங்கள் அங்கே அன்றாடத் தேவைகள். பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1962இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உற்பத்தியில் ஈடுபடும் அனுபவத்திலிருந்தே அறிவு வளர்வதை விளக்கினார். நிரலாக்கத்துக்கு இது முற்றிலும் பொருந்தும். ஆனால் செய்வது மட்டும் போதாது. செய்ததன் விளைவு செய்தவருக்குத் திரும்பி வந்து சேர வேண்டும்.

போட்டிக்களம்: நடுவராக ஓர் இயந்திரம்

மாவட்டத் தலைநகர் ஒன்றிலுள்ள இணைப்புக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மூத்த மாணவர் ஒருவர் சொல்ல, அவர் நிரலாக்கப் போட்டி ஒன்றில் பங்கு கொள்கிறார். இந்தியாவில் 2009இல் தொடங்கப்பட்ட கோட்செஃப் போன்ற தளங்கள் இத்தகைய போட்டிகளை முறையாக நடத்தி வருகின்றன. கணக்குகள் கொடுக்கப்படும், மாணவர் நிரலை அனுப்புவார், தளத்திலுள்ள தானியங்கி நடுவர் பல மறைமுகச் சோதனைகளில் அதை ஓட்டிப் பார்த்துச் சில நொடிகளில் தீர்ப்பு வழங்கும்.

முதல் கணக்கிலேயே அவருக்கு ஒரு புதுமை காத்திருக்கிறது. எண்கள் சில கொண்ட பட்டியலில் இரண்டு எண்கள் ஒன்றாக உள்ளனவா என்று கண்டறிய வேண்டும். ஒவ்வோர் எண்ணையும் மற்ற எண்களோடு ஒப்பிடும் நிரலை அவர் எழுதுகிறார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் 10 எண்களுக்கு இது சரியாக ஓடும். போட்டியிலோ 1 லட்சம் எண்கள். இந்த முறையில் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள் தேவைப்படும். “நேரம் கடந்தது” என்ற தீர்ப்பு வருகிறது. எண்களை முதலில் ஏறுவரிசையில் அடுக்கிவிட்டால் ஒன்றான எண்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். நல்ல வரிசைப்படுத்தும் முறைக்கு ஏறத்தாழ 17 லட்சம் ஒப்பீடுகளே போதும். அதன்பின் பட்டியலை ஒரு முறை கடந்து சென்றால் விடை கிடைத்து விடும். பாடநூலில் ஒரு சூத்திரமாக மட்டும் படித்த செயல்திறன் என்ற கருத்து, அன்று அவருக்குக் கண்கூடாகத் தெரிகிறது.

இப்போட்டி மரபு உலகளவில் பழமையானது. அமெரிக்காவில் 1970இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போட்டியே இன்று ஐ.சி.பி.சி. எனப்படும் பன்னாட்டுக் கல்லூரி நிரலாக்கப் போட்டியாக வளர்ந்துள்ளது. மூன்று மாணவர்கள், ஒரே கணிப்பொறி, ஐந்து மணி நேரம் என்பது அதன் அமைப்பு. கணிப்பொறி ஒன்றே என்பதால், ஒருவர் தட்டச்சு செய்யும்போது மற்ற இருவரும் தாளில் சிந்திக்க வேண்டும். தட்டச்சு செய்பவரின் பிழையைப் பக்கத்திலிருப்பவர் கவனிக்க வேண்டும். கூட்டுழைப்பை விதியே கட்டாயமாக்கி விடுகிறது. இதன் இந்திய வட்டாரச் சுற்றுகள் கான்பூர், அமிர்தபுரி முதலிய மையங்களில் நடைபெற்று வந்துள்ளன. பள்ளி மாணவர்களுக்கான பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடு 1989இல் பல்கேரியாவில் தொடங்கியது; இந்தியா 2002 முதல் அதில் பங்கேற்று வருகிறது.

போட்டியின் எல்லைகளையும் அறிந்து கொள்ளுதல் வேண்டும். தானியங்கி நடுவர் நிரல் தவறு என்று சொல்லும். தவறு எது என்று சொல்லாது. நிரல் பிறருக்கு விளங்கும்படி எழுதப்பட்டதா என்பது அதற்குப் பொருட்டன்று. ஒற்றை எழுத்துப் பெயர்களும் விளக்கக் குறிப்பின்மையும் போட்டியில் குற்றமாகா. போட்டி முடிந்ததும் நிரலும் மறக்கப்படுகிறது. மேலும், போட்டித் தரவரிசை நாளடைவில் வேலை வாய்ப்புக்கான அடையாளமாகி விடுகிறது. உழைப்புச் சந்தையில் கல்விச் சான்றிதழ் ஓர் அறிகுறியாகச் செயற்படுவதை மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கினார். தரவரிசை எண்ணும் அத்தகைய அறிகுறியே. அது ஒருவரின் திறமையை ஓரளவு காட்டும். அத்திறமை எல்லாக் கூறுகளிலும் முழுமை பெற்றது என்று அதைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

மூன்று முறை “தவறான விடை” என்ற தீர்ப்பைப் பெற்ற மாணவி நான்காம் முறை முயல்வாரா, விலகி விடுவாரா என்பது பெரும்பாலும் ஒரே ஒன்றைப் பொறுத்தது: அந்த நிரலைப் பார்த்து, “காலியான பட்டியல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா?” எனக் கேட்க அருகில் ஒருவர் இருக்கிறாரா என்பதே அது. பெருநகரக் கல்லூரி விடுதிகளில் அத்தகையவர் அடுத்த அறையில் இருப்பார். இணைப்புக் கல்லூரியில் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

திறந்த மூலம்: படிப்பவர் உள்ள களம்

போட்டி தராததைத் திறந்த மூல மென்பொருள் திட்டங்கள் தருகின்றன. இவற்றில் நிரலின் மூல வடிவம் அனைவருக்கும் திறந்திருக்கும்; யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றத்தை ஏற்கும்படி முன்வைக்கலாம். லினக்ஸ் என்னும் இயக்கு மென்பொருளின் கருவை 1991இல் தொடங்கியவர் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ். தம் முயற்சியைத் தொடக்க நிலையிலேயே பிறர் பார்வைக்கு வைத்ததும், படித்துத் திருத்தங்கள் அனுப்பியோரின் உழைப்பைச் சேர்த்துக் கொண்டதும் அதன் வளர்ச்சிக்குக் காரணங்கள். இத்தகைய திருத்தங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த அவரே 2005இல் உருவாக்கிய கிட் என்ற கருவி இன்று மாணவர் குழுக்களின் முதற்பாடமாக உள்ளது.

நடைமுறை இவ்வாறு அமையும். மாணவர் ஒரு திட்டத்தின் பிழைப் பட்டியலிலிருந்து சிறிய பிழை ஒன்றைத் தேர்ந்து கொள்வார். மூல நிரலைத் தம் கணிப்பொறியில் இறக்கி, பிழையை நேரில் நிகழச் செய்து பார்ப்பார். திருத்தத்தை எழுதி, அது சரியென்று காட்டும் சோதனையையும் இணைத்து அனுப்புவார். திட்டத்தைப் பராமரிப்பவர் அதை வரி வரியாகப் படித்துக் கேள்வி எழுப்புவார். இரண்டு, மூன்று சுற்றுத் திருத்தங்களுக்குப் பின் அது ஏற்கப்படும் அல்லது காரணம் கூறி மறுக்கப்படும். பத்து வரித் திருத்தத்திற்கு இரண்டு வாரம் ஆகலாம். ஆனால் அந்த இரண்டு வாரங்களில் மாணவர் பெறும் வாசிப்பும் விமரிசனமும் ஒரு பருவம் முழுவதிலும் வகுப்பறையில் அவருக்குக் கிட்டுவதில்லை.

இம்முறையை ஊக்குவிக்க கூகுள் நிறுவனம் 2005இல் கோடைக்காலத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதலாண்டில் ஏறத்தாழ 400 மாணவர் பங்கு பெற்றனர். மாணவர் ஒரு முன்மொழிவு அளிக்க வேண்டும். தேர்வானால் ஒரு வழிகாட்டி அமர்த்தப்படுவார். மதிப்பீடுகளில் தேறினால் உதவித்தொகை வழங்கப்படும். பல ஆண்டுகளில் இத்திட்டத்தில் மிகுதியான எண்ணிக்கையில் பங்கு பெற்றவர்கள் இந்திய மாணவர்களே. 2022 முதல் மாணவரல்லாத தொடக்க நிலையினரும் இதில் சேரலாம். பணத்தை விட வழிகாட்டியின் வாரந்தோறும் கிடைக்கும் நேரமே இதன் உண்மையான பயன்.

நம் நாட்டில் மத்திய அரசின் ஆதரவோடு இயங்கும் முன்மாதிரி ஒன்றும் உண்டு. தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தின் வழிக் கல்விக்கான தேசிய இயக்கத்தின் கீழ் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபாஸி என்ற திட்டம் செயற்பட்டு வருகிறது. அதன் ஒரு பகுதியான நூல் துணைத் திட்டத்தில், மாணவர் தம் துறையின் தரமான பாடநூல் ஒன்றைத் தேர்ந்து, அதிலுள்ள தீர்வு கண்ட கணக்குகளை ஸைலாப் என்னும் கட்டணமற்ற மென்பொருளில் நிரல்களாக எழுதுகிறார். வல்லுநர் அவற்றைச் சரிபார்க்கின்றனர். சரிபார்ப்பில் தேறிய மாணவருக்கு மதிப்பூதியமும் சான்றிதழும் கிடைக்கின்றன. அந்த நிரல்கள் யாவரும் பயன்படுத்தும்படி வெளியிடப்படுகின்றன. இயந்திரவியல், வேதிப் பொறியியல் மாணவர்களும் இதில் பங்கு பெற முடிவது குறிப்பிடத்தக்கது. இங்கே சரிபார்ப்பவரின் நேரத்திற்குத் திட்டச் செலவில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது; அதுவே இதன் தனிச்சிறப்பு.

மாணவர் முயற்சி மொழி வளர்ச்சிக்கும் துணை நிற்க இயலும் என்பதற்குக் கேரளம் சான்று. கோழிக்கோட்டு வட்டாரப் பொறியியல் கல்லூரியில், இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், 2000களின் தொடக்கத்தில் ஒரு மாணவரின் முன்முயற்சியால் தோன்றியது சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற குழு. கணிப்பொறித் திரையில் மலையாள எழுத்துகள் பிழையின்றித் தோன்றச் செய்தல், எழுத்துருக்களைப் பேணுதல், மென்பொருள்களின் இடைமுகத்தை மொழிபெயர்த்தல் ஆகிய பணிகளை அது மேற்கொண்டது. சந்தை வருவாயை நம்பி எந்த நிறுவனமும் விரைந்து செய்ய முன்வராத பணிகள் இவை. பொருளியல் மொழியில் கூறின், ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாத பொதுப் பண்டத்தை மாணவர் குழு உற்பத்தி செய்தது.

பரிசு திசை மாற்றும்போது

பரிசுகளும் விழாக்களும் இளைஞர்களை ஈர்க்கும் என்பதில் ஐயமில்லை. 2017இல் தொடங்கப்பட்ட ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானின் முதல் இறுதிச் சுற்றில் ஏறத்தாழ 10,000 மாணவர்கள் 36 மணி நேரம் இடைவிடாது உழைத்தனர். அரசுத் துறைகள் தங்கள் நடைமுறைச் சிக்கல்களைக் கணக்குகளாக முன்வைத்தன. இன்று அணி ஒவ்வொன்றிலும் உள்ள ஆறு பேருள் ஒரு பெண்ணேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. இவ்வாறு அரசுப் பணியின் சிக்கல்களை மாணவருக்கு அறிமுகம் செய்தது இதன் நன்மை. ஆனால் 36 மணி நேரத்தில் பிறப்பது மாதிரி மட்டுமே. அதைப் பயனுள்ள மென்பொருளாக்கப் பல மாதப் பராமரிப்பு தேவை. பரிசளிப்பு விழா முடிந்த மறுநாளே அணி கலைந்து விடுமானால் அந்த உழைப்பு தொடர்ச்சி இழந்து போகும்.

எண்ணிக்கைக்குப் பரிசு தந்தால் நேர்வது என்ன என்பதை வேறொரு நிகழ்ச்சி காட்டுகிறது. ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற பெயரில் அக்டோபர் மாதந்தோறும் நடைபெறும் இயக்கத்தில், திறந்த மூலத் திட்டங்களுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்பியவர்களுக்கு ஒரு சட்டை பரிசாக வழங்கப்பட்டு வந்தது. 2020இல் ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஓர் இடைவெளியை நீக்குவது போன்ற வெற்றுத் திருத்தங்கள் ஏராளமாக வந்து குவிந்தன. அவற்றுள் இந்தியாவிலிருந்து சென்றவையும் இருந்தன. திட்டங்களைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் தங்கள் நேரத்தை அவற்றை நிராகரிப்பதில் செலவிட நேர்ந்தது. எதிர்ப்பு வலுத்ததால், விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று அம்மாதத்திலேயே விதி மாற்றப்பட்டது.

ஓர் அளவீடு இலக்காக மாறும்போது அது நல்ல அளவீடாக நீடிப்பதில்லை என்ற கருத்து, 1975இல் நாணயக் கொள்கை பற்றி எழுதிய பிரிட்டிஷ் பொருளியலறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கப்படுகிறது. கல்லூரிகள் தங்கள் ஆண்டறிக்கையில் “நடத்திய ஹேக்கத்தான்கள்”, “பங்கேற்ற மாணவர்கள்” என எண்ணிக்கைகளை மட்டும் காட்டும்போது இதே ஆபத்து எழுகிறது. அங்கே அரிய வளமாகிய வாசிப்பு நேரம் பெருகுவதற்கு மாறாக வீணடிக்கப்படுகிறது.

யார் உள்ளே, யார் வெளியே?

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆவது சுற்றின்படி, 2017-18இல் நாட்டிலுள்ள குடும்பங்களில் 10.7 விழுக்காட்டினரிடமே கணிப்பொறி இருந்தது. நகர்ப்புறத்தில் இது 23.4 விழுக்காடு, ஊரகத்தில் 4.4 விழுக்காடு மட்டுமே. இதன் பின்னர் கைபேசி இணையம் வெகுவாகப் பரவியுள்ளது. எனினும் கைபேசியில் பாடத்தைக் காணலாமே தவிர, பெரிய மென்பொருளின் மூலத்தை இறக்கித் திருத்திச் சோதிப்பது கடினம். கல்லூரி ஆய்வுக்கூடம் மாலையில் பூட்டப்படுமானால், வீட்டில் கணிப்பொறியில்லாத மாணவருக்கு நிரலாக்கமும் அத்துடன் முடிந்து விடுகிறது.

இரண்டாம் தடை மொழி. பிழைப் பட்டியல், விவாதம், விமரிசனம் யாவும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. நிரலை எழுத வல்ல மாணவர், “இத்திருத்தம் ஏன் தேவை” என்று நான்கு வரி எழுதத் தயங்கி விலகி விடுவதுண்டு. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இதற்கு ஓரளவு தீர்வு கண்டுள்ளது. ஏறத்தாழ பத்து நிமிடம் நீளும் பாடங்களில் திரைக்காட்சி ஆங்கிலத்திலேயே இருக்கும். விளக்கம் இந்திய மொழியில் ஒலிக்கும். வேலைக்குத் தேவையான ஆங்கிலச் சொற்கள் கண்ணுக்குப் பழகுகின்றன. பொருளோ தாய்மொழியில் விளங்குகிறது.

மூன்றாம் தடை நேரமும் சூழலும். குழுக் கூட்டங்கள் பெரும்பாலும் இரவில் விடுதிகளில் நடைபெறுகின்றன. பேருந்தில் ஊருக்குத் திரும்ப வேண்டிய மாணவருக்கும், மாலைக்குப் பின் விடுதியை விட்டு வெளிவர இயலாத மாணவிக்கும் அங்கே இடமில்லை. யாரும் திட்டமிட்டு விலக்காமலேயே அவர்கள் விலக்கப்படுகின்றனர். நாட்டின் உயர்கல்வி மாணவர் தொகை 2021-22இல் 4.33 கோடி. அவர்களுள் பெரும்பாலோர் பயில்வது பெயர் பெற்ற தேசியக் கழகங்களில் அன்று; சாதாரண இணைப்புக் கல்லூரிகளில்தான் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இத்தடைகளைப் பள்ளி நிலையிலேயே குறைக்க முயன்ற திட்டம் கேரளத்தின் லிட்டில் கைட்ஸ். 2018இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் 2,000க்கு மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் அலகுகள் அமைந்தன. நிரலாக்கம், அசைவூட்டம், மின்னணுவியல், தாய்மொழிக் கணிமை ஆகியவற்றில் பயிற்சி அளிக்கப்படுகிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஒவ்வோர் அலகுக்கும் பொறுப்பேற்கின்றனர். பள்ளி வளாகத்திலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன. கட்டணமற்ற மென்பொருளே பயன்படுகிறது. இதனால் ஏழைக் குடும்பத்துச் சிறுவரும் சிறுமியரும் தனிச் செலவின்றிப் பங்கு பெற முடிகிறது.

நிரல் எழுதும் இயந்திரம் வந்தபின்

2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானது முதல், கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் கருவிகள் மாணவர் கைக்கும் வந்துவிட்டன. பதிவேட்டுப் பயிற்சிகளை இவை நொடிப்பொழுதில் முடித்து விடுகின்றன. நிரலாளர் குழுக்கள் இனித் தேவையா என்ற வினா இயல்பாக எழும்.

இக்கருவிகளால் விளக்கம் பெறுவது எளிதாகியுள்ளது என்பது உண்மை. இணைப்புக் கல்லூரி மாணவிக்கு, தம் பிழையைத் தம் மொழியிலேயே கேட்டறிய ஒரு துணை கிடைத்துள்ளது. ஆயினும் இயந்திரம் எழுதிய நிரல் சரிபோலத் தோன்றித் தவறாக இருக்கக் கூடும். அதைக் கண்டறிய நிரலைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எழுதும் செலவு குறையும்போது எழுதப்படுவதன் அளவு பெருகும். அளவு பெருகும்போது படித்துச் சரிபார்க்கும் தேவையும் பெருகும். ஆகவே படிப்பவரின் நேரம் மேலும் அரிதாகும். இனி மாணவர் குழுவின் முதற்பணி உறுப்பினரைப் படிப்பவராக உருவாக்குவதே எனலாம்.

செய்யத்தக்கவை

புதிய கட்டடங்களோ பெருஞ்செலவோ இன்றிச் செய்யத்தக்கவை சில உள்ளன.

முதலாவது, மூத்த மாணவரின் வாசிப்பு உழைப்புக்குக் கல்வி மதிப்பு அளித்தல். 60 இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு 20 மூத்த மாணவர்கள் எனக் கொண்டால் ஒருவருக்கு மூவர் வருவர். வாரம் ஒரு நிரல், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் என்றால் மூத்த மாணவருக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரமே ஆகும். தனி ஆசிரியர் ஒருவரால் தாங்க இயலாத சுமை இவ்வாறு பகிரப்படுகிறது. படிப்பவரும் படிப்பதால் கற்கிறார். ஸ்வயம் தளத்தின் பாடங்களைப் பட்டப்படிப்பில் கணக்கிட்டுக் கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கெனவே நெறிமுறை வகுத்துள்ளது. அதுபோல் இப்பணியையும் பாட அலகாக ஏற்பது குறித்துப் பல்கலைக்கழகங்கள் ஆராயலாம்.

இரண்டாவது, ஆய்வுக்கூடத்தின் நேரத்தை நீட்டித்தல். வாரத்தில் இரு நாட்கள் மாலை வேளையிலும், சனிக்கிழமை பகலிலும் மாணவர் பொறுப்பில் திறந்து வைத்தால், குழுவின் கூட்டம் விடுதியிலிருந்து வளாகத்துக்கு வந்து சேரும். பேருந்து நேரத்தையும் மாணவியரின் வசதியையும் கருதி நேரம் வகுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, பொதுத் துறை மென்பொருளைப் பயிற்சிக்களமாக்குதல். திறந்த மூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை மத்திய அரசு 2015இல் வெளியிட்டது. 2020 மே மாதத்தில் ஆரோக்கிய சேது செயலியின் மூல நிரலும் வெளியிடப்பட்டது. மூலத்தை வெளியிடுவது ஒரு நாள் வேலை. வந்து சேரும் திருத்தங்களைப் படித்துப் பதில் தருவது ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய வேலை. மென்பொருள் உருவாக்கத்துக்கு நிதி ஒதுக்கும்போதே, மாணவர் திருத்தங்களைப் படிக்கும் அலுவலர் நேரத்துக்கும் ஒதுக்கீடு செய்தால், துறைக்கு நல்ல மென்பொருளும் நாட்டுக்குப் பயிற்சி பெற்ற இளைஞரும் ஒருங்கே கிட்டுவர்.

நான்காவது, அளவிடும் முறையை மாற்றுதல். எத்தனை விழாக்கள் நடந்தன என்பதற்குப் பதிலாக, எத்தனை மாணவரின் நிரல் வேறொருவரால் படிக்கப்பட்டுக் குறிப்புடன் திரும்பியது, முதலாண்டில் சேர்ந்தோருள் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டிலும் நீடிக்கின்றனர், அவர்களில் மாணவியர் எத்தனை பேர் என்று கல்லூரிகள் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

மாணவர்கள் செய்யத்தக்கதும் உண்டு. புதிதாக ஒன்றை எழுதத் தொடங்குமுன், பிறர் எழுதிய நல்ல நிரல் ஒன்றை முழுமையாகப் படித்தல் வேண்டும். தம் முதல் திருத்தம் மறுக்கப்பட்டால் அதன் காரணத்தைக் கேட்டறிதல் வேண்டும். ஒரு படி ஏறியதும் அடுத்து வருபவரின் நிரலைப் படிக்க வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குதல் வேண்டும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020, நடுநிலை வகுப்புகள் முதலே நிரலாக்கத்தை அறிமுகம் செய்யப் பரிந்துரைக்கிறது. வரும் ஆண்டுகளில் நிரல் எழுதத் தொடங்குவோர் தொகை பல மடங்கு பெருகும். அவர்களுக்கு வேண்டிய இயந்திரங்களை வாங்க நிதி போதும். அவர்கள் எழுதுவதைப் பொறுமையோடு படிக்கும் மனிதர்களை விலைக்கு வாங்க இயலாது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வோர் ஆண்டும் அவர்களை உருவாக்கியாக வேண்டும். மாணவர் நிரலாளர் குழுக்கள் அந்த உற்பத்திக்கூடங்களாகத் திகழ இயலும். அவற்றுக்கு வேண்டுவன ஓர் அறை, சில மணி நேரம், பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியர் ஆகியனவே.